பத்து விரலிலும் மருதாணி

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பெயர் வேண்டாம். நெல் நாற்றங்கால் போடச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக ஒரு வருடம் அங்கே இருந்தேன். குடவாசல் பக்கத்து விவசாயக் குடும்பம், படித்தது வேளாண்மை, வாயும் கொஞ்சம் நீளம். இது போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர் விதவை அக்கா ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் நடவுக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

கடைசி மாதத்தில் தேர்தல் வந்தது. ஒரு கட்சி அதைப் புறக்கணித்தது. ஓட்டுப் போட்டவர்களுக்கு விரல் இருக்காது என்று சுவரெல்லாம் எழுதியும் வைத்தது. அம்மா தினமும் போன் செய்தாள்.

"டிவியில கடையெல்லாம் எரியுறதக் காட்டுறாங்கடி. போதும், கிளம்பி வந்துடு."

இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்பேன். பொய். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுவேன். அக்கா ஓட்டுப் போடப்போவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். "யார் ஜெயிச்சாலும் களை நான்தான பறிக்கணும்" என்றார்.

பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. வயல் தண்ணீரில் நின்று நின்று அக்காவுக்குக் கைவிரல், கால்விரல் எல்லாம் சேற்றுப்புண். எங்கள் ஊரில் நடவு நடும் பெண்கள் இதற்கு மருதாணிதான் போடுவார்கள். அம்மா கொடுத்தனுப்பிய பொடியைக் குழைத்து, தேர்தலுக்கு முந்தின நாள், அக்காவின் கையிலும் காலிலும் ஒரு விரல் விடாமல் தொப்பி வைத்துவிட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. நகமெல்லாம் கருஞ்சிவப்பு. எனக்கு ஒரே பெருமை. எவ்வளவு பெரிய மடச்சி நான் என்பது ஓட்டு முடிந்த மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தில் ஐந்தாறு பேர் அரிவாளோடு நின்றார்கள். வருகிறவர்களை நிறுத்தி, மை இருக்கிறதா என்று விரல் பார்த்தார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வெளிநாட்டுக்காரிக்கு ஏது ஓட்டு. அக்கா கையை நீட்டினார்.

"ஓட்டுப் போட்டிருக்க."

"போடல. புண்ணுக்கு மருந்து."

"பத்து விரல்லயும் புண்ணா? மை வச்ச விரல மறைக்கத்தான மிச்சம் ஒம்பதுக்கும் சாயம் பூசியிருக்க?"

கேட்டவன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். ஒரு வருடமாகக் கற்ற அவர்கள் மொழி எனக்கு மொத்தமாக மறந்துபோயிற்று. மருந்து என்ற சொல்கூட வரவில்லை. சட்டென்று தரையில் உட்கார்ந்து அக்காவின் ஷூவை இழுத்துக் கழற்றினேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். கால்விரல் ஐந்தும் அதே கருஞ்சிவப்பு.

பின்னால் நின்ற ஒருவன் எட்டிப் பார்த்தான். "காலாலயும் ஓட்டுப் போட்டியா?" என்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் கடைசியாகத்தான் சிரித்தான். பிறகு கையை விட்டான்.

வயலுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாம்பலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, புண்ணில் ரத்தம் கசியும்வரை விரல்களைத் தேய்த்தார். நகத்தில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.

"நாளைக்கு அங்க வேற ஆளுங்க நிப்பாங்க" என்றார். "இது எப்ப போகும்?"

தோலில் இருப்பது சீக்கிரம் போய்விடும். நகத்தில் இருப்பது நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும், நாலைந்து மாதம் ஆகும். சின்ன வயதிலிருந்து மருதாணி போடுகிற எனக்கு அது தெரியாதா?

"ஒரு வாரத்துல போயிடும்க்கா" என்றேன்.

அக்கா நம்பினார். மூன்றாம் நாள் தன்னார்வலர்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேன் வந்தது. நான்தான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.