முப்பத்திரண்டு இஞ்சுக் குழல்

அண்ணனுக்கு அந்தத் துப்பாக்கியை எடுக்கச் சொன்னது நான்தான். அதை மதினியிடம் சொல்லவேண்டும். அண்ணனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் சோறு போட்டார். தின்றேன்.

அண்ணனுக்கு மலைக்கு மேலே, கேரளாப் பக்கம், மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். எனக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சை. மேலே காட்டுப்பன்றி இறங்கினால் ஏலத்தைத் தூரோடு கிளறிப் போட்டுவிடும். பஞ்சாயத்து உத்தரவு கொடுத்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் அங்கே பன்றியைச் சுடலாம். அண்ணனுக்கு லைசென்ஸ் வந்தது. துப்பாக்கி எடுக்க என்னையும் கூட்டிப்போனார்.

கடைக்காரர் மேசையில் இரண்டை வைத்தார். இரண்டும் ஒற்றைக்குழல். ஒன்று இருபத்தாறு இஞ்சு. மற்றது முப்பத்திரண்டு.

அண்ணன் குட்டையை எடுத்தார். தோளில் வைத்துப் பார்த்தார். குத்தவைத்தும் பார்த்தார்.

"கைக்கு அடக்கமா இருக்குலே."

"என்னண்ணே, வெறகுக்கட்ட மாதிரி இருக்கு. நீளத்த எடு. தூரம் அடிக்கும். நாலு பேரு பாத்தா துப்பாக்கின்னு தெரிய வேணாமா?"

"ஏலே, நாம துப்பாக்கி எடுக்க வந்தமா, தொரட்டி எடுக்க வந்தமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எங்கே வைத்துச் சுடுவது என்று கேட்டார். ஏலத்துக்குள் என்றார் அண்ணன்.

"அப்பக் குட்டைதான் தோது அண்ணாச்சி. நீளத்த வச்சுக்கிட்டு உள்ள திரும்ப முடியாது."

நான் விடவில்லை. கீழே இருக்கிறவன் நான். பன்றி என்றால் எனக்கு வெட்டவெளியில் ஓடுவது. வரப்பில் நின்று பார்த்தால் அந்தா போகும். அதை எட்டிப் பிடிக்க நீளக் குழல்தான் வேண்டும் என்று அடித்துப் பேசினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, நீளத்தையே குடுங்க" என்றார்.

ஏலத்துக்குள் பன்றியை ஆள் பார்ப்பதில்லை. நாய் பார்க்கும். அண்ணனிடம் கோம்பை நாய் இரண்டு இருந்தது. அதுகள் போய் மறித்துக்கொண்டு குரைக்கும். குரைக்கிற இடத்துக்கு ஆள் குனிந்து போகவேண்டும். தலைக்கு மேலே ஏலச்செடியின் தண்டு, அந்தத் தட்டை, நெருக்கமாக நிற்கும். போய்ச் சேர்ந்தால் பன்றிக்கும் நமக்கும் நடுவில் ரெண்டு எட்டுதான். அங்கே தூரம் என்பதே கிடையாது. அண்ணனுக்கு இது தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீரபாண்டித் திருவிழா முடிந்து மேலே போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். நாய் குரைத்தது. அண்ணன் முன்னால் போனார், நான் பின்னால். பன்றி நேராக இல்லை. வலப்பக்கம் நின்றது. அண்ணன் திரும்பினார். குழல் தட்டைக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். அதற்குள் பன்றி பாய்ந்துவிட்டது.

தொடையில் கோரைப்பல் இறங்கியிருந்தது. வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஜீப்பில் போட்டு இறங்கினோம்.

"நாய்க்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

அதற்குமேல் பேசவில்லை. கம்பம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துப்போனது. ஆறேழு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. துப்பாக்கியை வாரிசு பேருக்கு மாற்றுகிறீர்களா, விற்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். மதினி என்னை வரச்சொன்னார். போனபோது காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தாளைப் படித்துச் சொன்னேன்.

"வித்துரு தம்பி. அத வச்சு என்ன செய்ய?"

இதற்குமேல் தள்ள முடியவில்லை.

"மதினி, அந்த நீளக் குழல் நான் எடுக்கச் சொன்னது. அண்ணன் குட்டையத்தான் கையில எடுத்தாக. கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு. நான்தான் விடல."

ஏலக்காயைப் பிரிக்கிற கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றார். "வாங்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னாக. உள்ள சுத்தவிடாது, மாத்தணும்னாக. மாத்த வேண்டியதுதானன்னேன். தம்பி ஆசையா எடுத்துக் குடுத்தான், சங்கடப்படுவான், இருக்கட்டும்னுட்டாக."

தாளை மடித்துக் கீழே வைத்தேன்.

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இம்புட்டு நாளா ஆகும்?"

"தப்புதான் மதினி."

"வையறதுக்குக்கூட எனக்குத் தெம்பில்ல. நீ வந்து நின்னா அவுக தட்டையில மாட்டிக்கிட்டு இழுக்குறதுதான் கண்ணுல வருது. கொஞ்ச நாளைக்கு மேல வராத தம்பி. நானாக் கூப்பிடுறேன்."

அடுத்த ஜீப்பில் இறங்கிவிட்டேன்.

திராட்சை வெட்டும்போதெல்லாம் ஜீப்பில் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். காலிப் பெட்டி திரும்பி வருகிறது. இன்னும் கூப்பிடவில்லை.