வெள்ளையாக இருந்த சோறு

ஸ்கந்தபுரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கேட்டால், வீரையா அண்ணை கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்து ஈரலை அவித்துவிட்டார் என்பார்கள். ஒளித்துக் குடித்தாராம், அதுதான் கண் மஞ்சளாம். கசிப்பு விற்கிற சுமனுக்குக்கூடக் கவலை. "என்னட்ட வாறேல்லையே. வேற எங்கயோ வாங்குறார்" என்றான். கதை ருசியானதுதான். ஆனால் நான் பக்கத்து வளவுக்காரன், நடந்ததைச் சொல்கிறேன்.

இனக்கலவரத்துக்குத் தப்பி, தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயின் இடுப்பில் வன்னிக்கு வந்தவர் வீரையா. தகப்பனைச் சாராயம் கொண்டுபோனதால் கள்ளைக்கூடத் தொடாதவர்.

மாரி தொடங்கக் கண் மஞ்சளித்தது. மனைவி மீனம்மா ஊர் வழக்கப்படி அவருடைய சிறுநீரில் ஒரு பிடி சோற்றை ஊறவைத்தாள். சோறு மஞ்சளாகியது. "செங்கமாரிதான்" என்று மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிற கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுத்தாள். அரிப்பில் சொறிந்து சொறிந்து அவருடைய முதுகு புண்ணாகியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"விதைச்ச வயலை நீ பாப்பியோ?" என்றார்.

ஒருநாள் சோறு வெள்ளையாகவே இருந்தது. நோய் மாறிவிட்டதென்று மீனம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அன்று முழுதும் அவர் இளநீராகக் குடித்துத் தள்ளியதை ஒருவரும் யோசிக்கவில்லை. தண்ணீராய்ப் போனதில் சோறு என்ன நிறம் எடுக்கும்?

அறுவடைக்கு முன் வயலில் விழுந்தார். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரத்தத்தைச் சோதித்துவிட்டு இளம் பெண் டொக்டர் சொன்னார்: "பிலிருபின் நல்லாக் கூடியிருக்கு ஐயா. பழைய இரத்தம் உடையேக்க வாற மஞ்சள் அது. ஈரல்தான் அதைப் பித்தத்தோட குடலுக்கு அனுப்புறது. உங்கட ஈரல் தன்ர வேலையைச் செய்திருக்கு. வெளிய போற குழாய்தான் அடைபட்டிருக்கு. மலம் வெளிறிப் போச்சோ?"

"ஓம், சாம்பல் மாதிரி. சொல்ல வெக்கமாக் கிடந்தது."

ஸ்கானில் குழாயின் வாயில் புற்றுக்கட்டி தெரிந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. முந்தி வந்திருந்தால் வெட்டி எடுக்கப் பார்த்திருக்கலாமாம்; இனி மஞ்சள் இறங்க ஒரு சின்னக் குழாய் வைக்கலாம், அவ்வளவுதான்.

குழாய் வைத்துத் திரும்பும் வழியில் அதே கடையில் தேத்தண்ணி குடித்தோம். சுமன் கிட்ட வந்து, "இனியாவது கசிப்பை விடுங்கோ அண்ணை" என்றான்.

வீரையா கிளாசை வைத்தார். "நான் கசிப்பை மணந்தும் பாக்கேல்லை. இது புற்று. மூத்திரத்தில போட்ட சோத்தை நம்பி வீட்டில கிடந்தன். அதுதான் சாகப்போறன்."