விரதமும் தும்மல் மாத்திரையும்

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் இருக்கன்குடி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுப்பதாக என் மனைவி வேண்டியிருந்தாள். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். வேண்டுதலைச் செலுத்தும் நேரத்தில்தான் தும்மல் வந்து குறுக்கே நின்றது.

அவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிற வேலை. தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தும்மத் தொடங்கினால் உடம்பே குலுங்கும். மருந்துக்கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரையைப் போட்டால் அடங்கிவிடும். ஆனால் விரதம் தொடங்கியதிலிருந்து தும்மல் அந்த மாத்திரைக்குக் கேட்கவே இல்லை. கையில் நெருப்போடு நடக்கும்போது அப்படியொரு தும்மல் வந்தால்?

"நான் வேணா எடுக்கேன் புள்ள," என்றேன்.

"வேண்டுனது நானு. நீக எடுத்தா அது உங்க கணக்குல போயிரும்," என்றாள்.

மாத்திரையை இரண்டாகப் போடலாமா என்று கேட்கப் போனேன். மருந்துக்கடைப் பெண் பதறிவிட்டாள். "இஷ்டத்துக்குக் கூட்டிப் போடக் கூடாதுண்ணே. அக்கா மாத்திரைய எதுல முழுங்குறாக?"

சொன்னேன். விரதத்தில் ஒரு பொழுதுதான் சாப்பாடு. அடிக்கடி வாய் நனைக்கக் கூடாது என்பது அவளுடைய கட்டுப்பாடு. அதனால் காலையில் சாமி கும்பிட்டதும் அலர்ஜி மாத்திரை, தெம்புக்காகப் புதிதாக வாங்கிய சத்து மாத்திரை இரண்டையும் ஆரஞ்சு ஜூஸில் ஒரே மடக்காக முழுங்கிவிடுவாள்.

"சரியாப் போச்சு போங்க! இந்த மாத்திரைக்கு ஜூஸ் ஆகாது, உடம்புல சேர விடாது. சத்து மாத்திரையில மெக்னீசியம் வேற இருக்கு. அதுவும் தடுக்கும். அலர்ஜி மாத்திரைய வெறும் தண்ணியில போடச் சொல்லுங்க. சத்து மாத்திரைய சாப்பாட்டுக்குப் பெறகு தனியா போடட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னால் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப சாப்பிட்டு முடிச்ச பெறகும் இன்னொருக்க வாய் நனைக்கணுமா? வெரதம் என்னத்துக்காகும்?"

"தண்ணி குடிச்சா ஆத்தா கோவிச்சுக்கிடுவாளாக்கும்? அவளே ரெண்டு ஆத்துக்கு நடுவுலதான உக்காந்திருக்கா."

"மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்து எனக்கு சாமி சொல்லிக் குடுக்கீகளா?"

ஆனாலும் அம்மன் படத்துக்கு முன்னால் போய் உத்தரவு கேட்டு நின்றாள். சற்று நேரத்தில் மாலையிலிருந்து ஒரு பூ விழுந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் ஆத்தா செயல்தானே. மறுநாள் காலையிலிருந்து மாத்திரைக்குத் தண்ணீர்தான். மெல்ல மெல்லத் தும்மல் அடங்கியது.

கோயிலில் அவள் வேப்பிலையோடு சட்டியை ஏந்தி நடந்தாள். நான் ஒட்டியே போனேன். புகை முகத்தில் அடிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. சட்டி ஆடவில்லை. சன்னதியில் இறக்கி வைத்துக் கும்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத் தூரம் வந்து ஆத்தாளப் பாக்காம, என் மூக்கையே பாத்துக்கிட்டு வாரீகளே. போங்க, போய் ஒழுங்காக் கும்புட்டுட்டு வாங்க."

போனேன். கண்ணை மூடியதும் கேட்க எதுவும் தோன்றவில்லை.