சித்தப்பாவின் டிராக்டர் மேடு ஏறிய கதை

எங்கள் சித்தப்பாவுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய டிராக்டருக்கு இரண்டு வயது கூடுதல். அந்த மரியாதையோடுதான் அதைத் தொடுவார். பெட்ரோலில் ஓடும் பழைய என்ஜின். சிலிண்டருக்குள் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்று தீர்மானிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பி, காதாலேயே டைமிங் வைப்பார். இன்ஜினியரிங் முடித்த கையோடு நான் வாங்கிக் கொடுத்த, டைமிங்கைக் கண்ணால் பார்த்து வைக்க உதவும் விளக்கு, பெட்டி பிரிக்கப்படாமல் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

டிராக்டர் நிற்கும் ஷெட்டின்மேல் சித்திக்கு நெடுநாளாகக் கண். அவருடைய தையல் மெஷின் சமையலறை மூலையில் இருந்தது. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் வெங்காய வாசனையோடு வீடு திரும்பின.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. செங்கல் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, மூன்று முயற்சிக்குள் டிராக்டர் பின்பக்க மேட்டில் ஏறினால் ஷெட் அதற்கு. ஏறாவிட்டால் ஷெட் சித்திக்கு. டிராக்டர் பழைய இரும்புக் கடைக்கு.

ஞாயிறு காலை சித்தப்பா ஒரு மணி நேரம் டைமிங் வைத்தார். என்ஜின் வேகமாக, இனிமையாக ஓடியது.

“பாடுது பாத்தியா?” என்றார்.

பாடிய என்ஜின் பாதி மேட்டில் படுத்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் கொஞ்சம் முன்னால் திருப்பினார். இரண்டாவது தடவை கால்வாசியிலேயே படுத்தது.

“பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்,” என்றார்.

“காலைல பாடுறப்போ தண்ணி இல்லையா?” என்றார் சித்தி.

சித்தப்பா என்னைப் பார்த்தார். படித்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்.

“சும்மா நிக்கிறப்போ வச்ச டைமிங்குங்க அது. பாரம் ஏறினதும் டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்குற மாதிரி தட்டுது. நெருப்பு ரொம்ப முந்தி விழுது. கொஞ்சம் பின்னாடி திருப்புங்க.”

“உனக்கு ஷெட்டு வேணாமா?”

“வேணும்தான். அதுக்காக நல்ல என்ஜினை நீங்க அடிச்சுக் கொல்றதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

சித்தப்பா பின்னால் திருப்பினார். என்ஜின் சத்தம் மந்தமானது, அவர் முகமும்தான்.

“நீயே ஓட்டு. நான் கீழ நின்னு கேக்குறேன்.”

சித்தி ஏறி உட்கார்ந்தார். டிராக்டர் நிதானமாக மேட்டைப் பிடித்தது. சித்தப்பா என்ஜின் பக்கம் தலையைச் சாய்த்தபடி கூடவே நடந்தார். ஆணிச் சத்தம் வரவே இல்லை. உச்சியில் டிரெய்லரின் பின்சக்கரமும் ஏறி நின்றது.

“ஷெட்டு உங்களுக்குத்தான்,” என்றபடி சித்தி இறங்கினார்.

“நான் எங்க ஏத்தினேன்? நீதானே ஏத்தின.”

“டிராக்டர் ஏறணும்னுதான் பேச்சு. யாரு ஓட்டணும்னு பேசலையே.”

முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒருவருக்காக ஒருவர் வாதாடினார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. மாலையில் சித்தப்பா டிராக்டரைச் சுவரோரம் ஒட்டி நிறுத்தினார். ஜன்னல் பக்கம் ஒரு தையல் மெஷினும் நாற்காலியும் போட இடம் இருந்தது.

“இத்தனை வருஷம் இந்த இடம் எங்கங்க போயிருந்துச்சு?” என்று கேட்டார் சித்தி.

சித்தப்பா ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.