சராசரி தொண்ணூற்றெட்டு

ஆலைப் புகைபோக்கியிலிருந்து வரும் புகை எந்தப் பக்கம் போகும், எந்த ஊரில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுவது என் வேலை. காற்றின் வேகம், வெயில், புகைபோக்கியின் உயரம் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் வரும். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஓர் ஆலைக்காக அப்படி ஒன்றைப் போட்டு, ஊர்க்கூட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். பீடி சுற்றுகிற ஒரு பெண் எழுந்தாள்.

"விடியக்காலம் வந்து நின்னு பாருங்கம்மா. மூச்சு முட்டுது. வெயில் ஏறுன பொறவு ஒண்ணுமில்ல."

நாள் முழுக்க எடுத்த அளவுகளைக் கூட்டி வகுத்தால் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். சட்டம் கேட்பதும் அந்தச் சராசரியைத்தான்.

"நாங்க என்ன, கூட்டி வகுத்தா மூச்சு விடுதோம்?" என்றாள். கூட்டமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. படித்த எனக்குத் தெரியாதது இவளுக்கு என்ன தெரியும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் என் அண்ணனுக்குக் காலில் ஆணி குத்தியது. அவன் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். ராதாபுரத்தில் ஒரு வீட்டுத் தளத்துக்கு அடியில் பலகை பிரிக்கும்போது குத்தியிருக்கிறது. ஊசி போட்டுக்கொள் என்று போனில் கத்தினேன்.

"ஆணி குத்துனதுக்கெல்லாம் ஊசி போடணும்னா சென்ட்ரிங்காரன் ஆஸ்பத்திரியிலதான் குடியிருக்கணும்ட்டி" என்று சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. பத்தாம் நாள் தாடை இறுகிவிட்டது. ரணஜன்னி, டெட்டனஸ்.

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சன்னலுக்கெல்லாம் பச்சைத் துணி போட்டு இருட்டாக்கிய அறை. சின்னச் சத்தம் கேட்டாலும் அவன் உடம்பு வில்லாக வளைந்து இழுத்தது. தொண்டையில் குழாய். இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் தலைமாட்டில் இருந்தது.

"மிஷின் கத்துனா அவருக்கு இழுக்கும். அதான் சத்தத்தை அமத்தி வச்சிருக்கோம்" என்றார் நர்ஸ், சேர்த்த எட்டாம் நாள் காலையில். "இந்த நோவு ஒரு வாரம் போனா நெஞ்சைப் பிடிக்கும். எனக்கு இன்னும் ரெண்டு ரூம் இருக்கு. நீங்க படிச்சவங்க, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா துடிப்பப் பாத்து இந்தத் தாள்ல எழுதி வைங்க. டாக்டர் வந்து பாப்பாரு. கதவ மட்டும் பைய சாத்துங்க."

தாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் பன்னிரண்டு எண்களை எப்படி எழுதுவது? நான் யோசிக்கவே இல்லை. வேறொரு துண்டுத் தாளில் அவற்றைக் குறித்துக்கொண்டு, கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, வந்ததைக் கட்டத்தில் எழுதினேன். பதினைந்து வருடப் பழக்கம்.

துடிப்பு நூற்றைம்பதுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் நாற்பத்தாறுக்கு இறங்கியது. முதல் தடவை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு, வயர் சரியாக ஒட்டவில்லை போல, கருவி துள்ளுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எங்கள் வேலையில் அப்படித்தான் சொல்வோம். சராசரி தொண்ணூற்றெட்டு வந்ததும், அப்பாடா என்று இருந்தது. அந்த எண் எனக்கு வேண்டியிருந்தது. அதுதான் உண்மை.

காலை பதினோரு மணிக்கு டாக்டர் வந்தபோது திரையிலும் தொண்ணூற்றைந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. என் தாளைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது.

"ஹார்ட் ஸ்டெடியா இருக்கு. நல்ல விஷயம்" என்றார். பக்கத்து அறையில் ஒருவருக்குத் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வைக்க வேறு மானிட்டர் இல்லை. இதைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். வயரைச் சுருட்டிக் கொடுத்தது நான்தான்.

மத்தியானம் மதினி வந்தாள். தொட்டால் இழுக்கும் என்பதால் அவன் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி வாக்கில் அவன் உதடு நீலம் பாரித்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. கத்தினேன். அந்த அறையில் அதுவரை யாரும் கத்தியதில்லை. அவனுக்கு இழுக்கவில்லை. ஓடி வந்து வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள்.

டாக்டர் மறுபடியும் என் தாளை எடுத்துப் பார்த்தார். "காலைல நல்லா இருந்தாரே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏறி இறங்கிய எண்களெல்லாம் என் பைக்குள் துண்டுத் தாளில் இருந்தன. எடுத்து நீட்டியிருக்கலாம். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணனைக் கொன்றவள் நான் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கூட்டி வகுத்தா மூச்சு விடுதோம் என்று கேட்ட அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல அவியளுக்கு நல்லாத்தான இருந்துச்சு? நீதான எழுதுன?"

"ஆமா மதினி. நல்லாத்தான் இருந்துச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "வெவரம் தெரிஞ்சவ நீ ஒருத்தியாவது கூட இருந்தியே. எனக்கு அது போதும்ட்டி."