ஓடப் போகிறவர்

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு நாலு மாடியை மூச்சு வாங்க ஏறுவார். ஒரு தோளில் கருவிப் பை, இன்னொரு தோளில் மூன்று வயதுச் சின்னவன், முன்னால் பள்ளிப் பையோடு பெரியவள். பெரியவள் என்றால் ஏழு வயது. அந்த வீட்டில் ஏழு வயதுக்கு மேல் அவரைத் தவிர யாரும் இல்லை என்பதால் அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்திவிட்டது.

ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது ஓட்டம். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். ஆனால் நடப்பதற்கு வேண்டிய நேரம் அவரிடம் இல்லை. ஆறு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும், ஆறரைக்குச் சின்னவனைக் கெஞ்சிக் கூத்தாடிப் பல் துலக்க வைக்க வேண்டும், ஏழேகாலுக்குள் இரண்டு தலை சீவி, மூன்று டப்பா கட்டி, காணாமல் போன ஒற்றைச் சாக்ஸைத் தேடி எடுத்து, குழந்தைகளை விட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு எட்டுக்கு வேலையில் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. சர்க்கரை என்ன ஆனதோ, அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் அடிமையாகிவிட்டார்.

குழந்தைகளைத் தனியாக விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கட்டடத்தைச் சுற்றித்தான். வாசல் கேட், சைக்கிள் நிறுத்தும் இடம், தண்ணீர்த் தொட்டி, பின்பக்கச் சந்து, திரும்ப வாசல் கேட். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். சட்டையின் இடது ஓரத்தில் பத்துத் துணி கிளிப் மாட்டிக்கொள்வார். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கிளிப் வலது பக்கம் போகும். பத்தும் போனால் மறுபடி இடது பக்கம். பார்க்கிறவர்களுக்குக் கொடியில் காய வேண்டிய சட்டை இறங்கி ஓடுகிற மாதிரி இருக்கும்.

பெரியவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார். முழிப்பு வந்தாலோ, சின்னவன் அழுதாலோ, முக்காலியில் ஏறிச் சமையலறை விளக்கைப் போட வேண்டும். அந்த ஜன்னல் வாசல் கேட்டிலிருந்து தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கு வரும்போது அண்ணாந்து பார்ப்பார். இருட்டாக இருந்தால் ஓடுவார். வெளிச்சம் தெரிந்தால் கிளிப்பும் கையுமாக மாடிக்குப் பாய்வார்.

இப்படியே ஒன்றரை வருடம். இந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தார். அதற்காகவே அவருடைய அக்கா சனிக்கிழமை பஸ் ஏறி வருவதாகச் சொல்லியிருந்தாள். ஜெயிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஒன்றரை வருடமாக அவர் நேராக ஓடியதில்லை. ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்காமல் நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பந்தயம் நெருங்க நெருங்க விளக்கு படுத்த ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஏழாவது சுற்றிலேயே எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினார். பெரியவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாச்சு?”

“தண்ணி.”

கொடுத்தார். இரண்டு மடக்குதான் குடித்தாள். செவ்வாய்க்கிழமை ஐந்தாவது சுற்று, பல்லி. பல்லியைக் காணோம். புதன்கிழமை மூன்றாவது சுற்று.

“இப்ப என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு லைட்டு? சும்மா சும்மா போட்டுக்கிட்டு… அப்பாவுக்கு இருக்கிறதே இந்த ஒரு மணி நேரம்.”

குரலை உயர்த்திவிட்டார். அவள் முக்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று பகல் முழுவதும் அவருக்கு மனசு சரியில்லை.

அவர் மனைவி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. தனியாகத்தான் போனாள், எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியும். ஆனால் கட்டடம் சும்மா விடுமா? முதல் மாடி ஒரு ஆளைத் துணைக்குச் சேர்த்து அனுப்பியது, இரண்டாம் மாடி வேறொரு ஆளை. எல்லா மாடிக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இருந்தது. ‘ஓடிப் போயிட்டா.’ படிக்கட்டில் அவர் தலை தெரிந்தால் அந்த வார்த்தை வாயை மூடிக்கொள்ளும். குழந்தைகளுக்கு எதிரில் அப்படியெல்லாம் மூடிக்கொள்ளாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பெரியவள் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டார்.

வேலையில் அவருக்கு வேறு வாய். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறப்பதற்கு முன்னால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர் பயத்தில் கதவைத் தட்டுவார். இவர் வெளியே இருந்து, “நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல” என்பார். முகம் தெரியாதவர்களிடம் இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அதைத் தவிர ஒரு நாளில் அவர் பேசுகிற பேச்சு மிகக் குறைவு. அவரிடம் அந்த மாதிரிச் சொல்ல யாரும் இல்லை என்பது சில நாள் மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது நினைவுக்கு வரும்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். டீச்சர் ஒரு நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

“தப்பா நினைக்காதீங்க சார். ‘என் அப்பா’ன்னு கட்டுரை எழுதச் சொன்னேன். முதல்ல எழுத்துப்பிழைன்னு நினைச்சுத் திருத்திட்டேன். அப்புறம்தான் முழுசா படிச்சேன்.”

கோணல் மாணலான எழுத்து. ‘என் அம்மா ஓடிப் போனார். என் அப்பா தினமும் காலையில் ஓடிப் போகிறார். நான் விளக்குப் போட்டால் வந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமை அப்பா ரொம்ப தூரம் ஓடிப் போகிறார். அங்கே விளக்கு தெரியாது.’

அப்பா வருகிற இரண்டு இடத்திலும் ‘ஓடி’யைச் சிவப்பு மையில் அடித்து ‘ஓட’ என்று எழுதியிருந்தது. அம்மாவின் ‘ஓடி’யை டீச்சர் தொடவில்லை.

தண்ணியும் பல்லியும் ஒண்ணுமில்லாததும் அவருக்கு அப்போது புரிந்தது. விளக்கு வேலை செய்கிறதா என்று குழந்தை பார்த்திருக்கிறாள். போட்டால் அப்பா வருகிறாரா, ஏழாவது சுற்றில் வருகிறாரா, மூன்றாவதில் வருகிறாரா என்று. அதற்குப் போய்க் கத்தியிருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. டீச்சருக்கு என்ன பதில் சொன்னார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் சின்னவன் தூங்கின பிறகு நோட்டை வைத்துக்கொண்டு பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இங்க பாரு. ஓடிப் போறதுன்னா திரும்பி வராம போறது. ஓடப் போறதுன்னா ஓடிட்டு வீட்டுக்கு வர்றது. அப்பா ஓடப் போறேன்.”

அவள் சிவப்பு மையின்மேல் விரலை வைத்து யோசித்தாள். “ஒரு எழுத்துதான் வித்தியாசமா?”

“ஒரு எழுத்துதான்.”

“அம்மா?”

அவர் நோட்டை மூடி வைத்தார். “அம்மா ஓடவே இல்லம்மா. நடந்துதான் போனாங்க” என்றார். அது உண்மைதான். ஒரு பையை எடுத்துக்கொண்டு, நாலு மாடியையும் நடந்தேதான் இறங்கினாள். பிறகு ஆயிரம் பேரிடம் சொன்னதை முதல்முதலாக மகளிடம் சொன்னார். “நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை ஓடப் போறேன். பத்து மணிக்குள்ள வந்துடுவேன்.”

பேசாமல் பந்தயத்தை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் குழம்பினார். அக்கா வந்து திட்டித் தீர்த்தாள். “நீ போய்ட்டுத் திரும்பி வந்தாத்தான்டா அவளுக்கு நம்பிக்கை வரும். போகாமலே உட்கார்ந்திருந்தா எப்படி வரும்?” அதில் நியாயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். முதல் நாலைந்து கிலோமீட்டர் பழக்க தோஷத்தில் வழியில் உள்ள ஜன்னல்களையெல்லாம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டடங்கள் முடிந்து ஏரிக்கரைச் சாலை வந்தது. பார்க்க ஒரு ஜன்னலும் இல்லை. சாலை நேராகப் போனது. கால்கள் தம் பாட்டுக்குப் போயின. டப்பா இல்லை, சாக்ஸ் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில்தான் திக்கென்றது. விட்டுப் போனவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள்மேல் கோபம் வராமல் அவளை நினைத்தார். கோபம் போன இடத்தில் ஒரு துணையும் இல்லாத மாதிரி இருந்தது. பத்தரைக் கிலோமீட்டரில் ரோட்டில் ஒரு கூம்பை வைத்துக்கொண்டு ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தினார். “திரும்புங்க! எல்லாரும் இங்க திரும்புங்க!”

லிஃப்ட்காரர் திரும்பினார்.

வாசல் கேட்டுக்கு வரும்போது மணி ஒன்பதே முக்கால், வெயில் சுள்ளென்று அடித்தது. பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். பட்டப்பகலில் சமையலறை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்த அக்கா, “நீ படி இறங்கினதுலேருந்து எரியுது. அணைக்க விடமாட்டேங்கறா உன் பொண்ணு” என்றாள்.

பெரியவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வரவில்லை. “தெரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரிஞ்சுது.”

“எங்கேருந்து?”

“திரும்பற இடத்துலேருந்தே தெரிஞ்சுது.”

அவள் தலையை ஆட்டினாள். கால் வலி உயிர் போக, அவர் விந்தி விந்திப் போய்ச் சுவிட்சில் கையை வைத்தார்.

“அணைக்காதப்பா.”

“அதான் அப்பா வந்துட்டேனே.”

“அம்மா போனப்ப நான் தூங்கிட்டேன்” என்றாள் பெரியவள். “லைட்டே போடல.”

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.