மாஸ்டரின் நீண்ட மூச்சு

எங்கள் பேண்டு செட் மாஸ்டருக்கு ஆண்டிமடம் வட்டாரத்தில் பெரிய பெயர். ட்ரம்பெட்டில் ஒரு சுரத்தைப் பிடித்தாரென்றால் கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரை விடமாட்டார். "மனுசனுக்கு நெஞ்சா, துருத்தியா?" என்று ஊரே வாய் பிளக்கும். அந்தத் துருத்தி நான்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு இரண்டாவது ட்ரம்பெட். அவர் மூச்சு வாங்கும்போது அதே சுரத்தை நான் பிடித்துக்கொள்வேன். அவர் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு நிற்பார். கைதட்டல் அவருக்கு. பக்கத்தில் ஒருத்தன் ஊதுகிறான் என்று ஒரு நாள் வாய் திறந்து சொன்னதில்லை, மகராசன்.

அதைக்கூட விட்டிருப்பேன். அப்பா இறந்தார். "நான் போறப்ப ஒங்க செட்டு முன்னாடி போவணும்டா" என்பது அவர் என்னிடம் கேட்டிருந்த ஒரே காரியம். பெட்டியைத் தூக்க வேண்டிய மகன் நான், ஊத முடியாது. மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். ஜெயங்கொண்டத்தில் கல்யாணம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நாலு பேரையாச்சும் அனுப்புங்க மாஸ்டர்."

"செட்டப் பிரிச்சா கல்யாண வூட்டுல என்னா நெனைப்பாங்க? ஒங்கப்பனுக்கு என்னடா ஊர்கோலமா? பேசாம தூக்கிட்டுப் போங்க."

பேசாமல்தான் தூக்கிக்கொண்டு போனோம். கல்லறை வரை செருப்புச் சத்தம்தான். இன்று எனக்கென்று ஒரு செட் இருக்கிறது; எங்களில் எவன் வீட்டில் சாவு என்றாலும் கல்யாணத்தை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கிறோம். அவரிடம் கற்றதுதான். அதற்காக நன்றி சொல்ல மாட்டேன்.

அப்பா போன மூன்றாம் மாதம் வரதராசன்பேட்டைப் பக்கம் ஒரு மாதா கோயில் கொடியேற்றம். மாலை வெயிலில் சாமியார் முதல் சின்னப் பிள்ளைகள் வரை கூடி நின்றார்கள். கொடி ஏறி முடிகிறவரை மாஸ்டரின் ஒற்றைச் சுரம் மட்டும் கேட்க வேண்டும், டிரம் எல்லாம் நின்றுவிடும். அதுதான் ஏற்பாடு. கொடி பாதிக் கம்பம் ஏறியபோது அவர் கண் என் பக்கம் வந்தது. நான் ட்ரம்பெட்டை இறக்கிவிட்டேன்.

கன்னம் உப்பியபடியே நின்றார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு இருமினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

கூட்டம் கலைந்ததும் என் சட்டையைப் பிடித்தார். "ஊரு முன்னாடி சத்தமே இல்லாம நிக்க வச்சிட்டியேடா பாவி!"

"எங்கப்பாவும் அப்படித்தான் போனாரு, மாஸ்டர்."